மிளகு போன தண்ணீர் வழி: கோட்டயத்திலிருந்து முசிறி வரை நான்கு நாள்

கேள்வி சுருக்கமாக இது: தென்காசியிலிருந்து அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு நான்கு நாளில் ஆலப்புழையும் கொச்சியும் பார்த்து வர வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, சைவம். படகுவீட்டில் ஒரு ராத்திரிக்கு 14,000 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? கொச்சியில் எதைப் பார்ப்பது, மிளகும் ஏலக்காயும் எங்கே வாங்குவது?

கொச்சியின் பழைய வியாபாரப் பகுதியான மட்டாஞ்சேரியில் ஒரு மலஞ்சரக்குக் கிட்டங்கியில் (மிளகு, சுக்கு மாதிரி மலைவிளைச்சலை வைக்கும் கோடவுன்) 19 வருஷம் மிளகுக்கும் சுக்குக்கும் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். சொந்த ஊர் உங்கள் பக்கம்தான், செங்கோட்டை. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. ஆலப்புழை காயலையும் கொச்சித் துறைமுகத்தையும் எல்லோரும் இரண்டு தனி இடமாகப் பிரித்து, இங்கே ஒரு நாள் அங்கே ஒரு நாள் என்று போட்டுவிடுகிறார்கள். அவை ஒரே பாதையின் இரண்டு முனைகள். மலையில் விளைந்த மிளகு ஆற்றில் இறங்கி, காயலில் வள்ளம் ஏறி, மட்டாஞ்சேரிக் கிட்டங்கியின் பின்வாசல் படியில் வந்து இறங்கியது. லாரி வந்து நூறு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. அந்த வழியை முடிந்தவரை தண்ணீரிலேயே போய்ப் பாருங்கள். செலவும் குறையும், மனசிலும் நிற்கும்.

படகுவீடு பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன்: ராத்திரி தங்க வேண்டாம். பகல் 12 மணிக்கு ஏற்றுவார்கள். கொஞ்ச தூரம் போனதும் சாப்பாட்டுக்காகக் கரையில் கட்டுவார்கள். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் ஓட்ட முடியாது, ஏனென்றால் மீன்காரர்கள் வலை போடும் நேரம் அது. பிறகு விடியும்வரை ஒரு கரையில் கட்டியே கிடக்கும். காலையில் ஒரு மணி நேரம் ஓடி, ஒன்பது மணிக்கு இறக்கிவிடுவார்கள். 21 மணி நேரத்துக்குக் காசு வாங்கினாலும் நகர்வது நாலைந்து மணி நேரம்தான். பல வருஷம் முன்பு ஒரு டிசம்பரில் என் அம்மாவை அப்படி ஒரு படகில் தங்கவைத்தேன். ஏற்பாடு செய்தவர் தனியான கரை என்று சொல்லியிருந்தார். இருட்டியதும் பார்த்தால், எங்கள் படகோடு தோளுரசி வரிசையாகப் படகுகள். பக்கத்துப் படகின் ஜெனரேட்டர் புகை ராத்திரி முழுக்க எங்கள் ஜன்னலில் வந்தது. அம்மா காலையில் இருமிக்கொண்டே இறங்கினாள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. காயலைக் காட்டுகிறேன் என்று அழைத்துப் போய்ப் புகையைத்தான் காட்டினேன்.

அந்தப் படகின் உடம்பைப் பார்க்க வேண்டும் என்பது வேறு. அதை அவசியம் பாருங்கள். கெட்டுவள்ளம் என்ற பெயரே 'கட்டிய வள்ளம்' என்பதால் வந்தது. ஆஞ்ஞிலிப் பலகைகளை (நம் பக்கத்து அயினிப்பலாதான்) ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். பலகை சேரும் இடத்தில் தேங்காய் நாரைத் திணித்து, துளை வழியே கயிற்றை இழுத்து முடிந்து, மேலே முந்திரித் தோட்டிலிருந்து எடுத்த கறுப்பு எண்ணெயைப் பூசுவார்கள். ஆலப்புழை படகுத்துறையில் கட்டியிருக்கும் ஏதாவது ஒரு பழைய படகின் முனைப் பக்கம் குனிந்து பார்த்தால், தையல் ஓடுவது தெரியும், விரல் மொத்தத்தில், ஒரே சீராக. கை வைத்தால் முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும். ஆலப்புழையைச் சுற்றியுள்ள குட்டநாட்டு நெல்லையும் கொப்பரையையும் மலஞ்சரக்கையும் முப்பது டன் வரை ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போன பாரவண்டி இதுதான். சாலையும் லாரியும் வந்து சரக்கு போனபின், 1990களின் தொடக்கத்தில் இதன் மேல் கட்டிலையும் கூரையையும் வைத்துச் சுற்றுலாவுக்கு விட்டார்கள். தச்சர்களுக்கு வேலை மிஞ்சியது, அந்த அளவில் நல்லதுதான். ஆனால் இன்று எண்ணிக்கை காயல் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது. கழிவும் எண்ணெயும் அந்தத் தண்ணீரில்தான் போகின்றன, அதே தண்ணீரில்தான் கரையில் இருப்பவர்கள் பாத்திரம் கழுவுகிறார்கள்.

இனி நாள்கணக்கு. சனிக்கிழமை ராத்திரி தென்காசியில் பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். கிழமையை நான் யோசித்துத்தான் சொல்கிறேன்: மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, யூதர் ஜெபாலயம் வெள்ளி மதியத்துக்கு மேலும் சனிக்கிழமையும் மூடியிருக்கும், கொச்சிக்கு வடக்கே முசிறி என்ற பழைய சேரர் துறைமுகத்துப் பக்கம் உள்ள அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. ஞாயிறு தொடங்கி புதன் முடிந்தால் எதிலும் இடிக்காது. கோட்டயத்தில் காலையில் இறங்குங்கள். அங்கிருந்து ஆட்டோவில் கோடிமதைப் படகுத்துறை. கேரள அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகு ஆலப்புழைக்குப் போகிறது, சுமார் இரண்டரை மணி நேரம். டிக்கெட் ஐம்பது ரூபாய்க்குள். நாளுக்குச் சில நடைதான் உண்டு, அதனால் நேரத்தை முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் பாலம் பழுதாகியிருந்தாலோ ஆகாயத்தாமரை அடைத்திருந்தாலோ படகு காஞ்ஞிரத்திலிருந்துதான் புறப்படும், அங்கே ஆட்டோவில் போய்விடலாம்.

இந்த இரண்டரை மணி நேரத்தை நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஒரு முறைகூடச் சலித்ததில்லை. முதல் பாதி ஒடுக்கமான வாய்க்கால். வீட்டுத் திண்ணைகள் கைக்கெட்டும் தூரத்தில் போகும். குறுக்கே நடைபாலம் வரும்போது படகு ஒலி எழுப்பும். கரையிலிருந்து ஒருவர் வந்து கயிற்றைப் பிடித்து இழுப்பார், பாலம் கிணற்று ராட்டினம்போலக் கிறீச்சிட்டு எழும்பும், படகு கீழே நுழைந்துபோகும், பின்னால் பாலம் மறுபடி இறங்கும். சைக்கிளோடு காத்திருக்கும் பையன் அதற்குள் அரைப் பாலத்தில் நிற்பான். படகை ஓட்டுகிற ஸ்ராங்கு முன்னால் சக்கரத்தைப் பிடித்திருப்பார், எஞ்சின் நடுவில் இருக்கும். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஸ்ராங்கு கயிற்றை இழுத்து மணி அடிப்பார், எஞ்சின்காரர் அதைக் கேட்டுச் செய்வார். பழைய படகு வாய்த்தால் இது நடப்பதைக் காணலாம். உங்களோடு ஏறுகிறவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கோழித்தீவன மூட்டையோடு வரும் அம்மாமார். அவர்களுக்கு அது பஸ். அதனால் ஜன்னல் பக்கத்து இருக்கையை முழுக்கப் பிடித்துக்கொண்டு படம் எடுக்காமல் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

அம்மாவின் முழங்காலுக்கு: படகுத்துறைக் கல்லிலிருந்து படகின் விளிம்புக்கு ஓர் அடி இறங்கியோ ஏறியோ கால் வைக்க வேண்டியிருக்கும். நீர்மட்டத்தைப் பொறுத்து மாறும். லாஸ்கர் என்று ஒரு ஊழியர் இருப்பார், கயிற்றைக் கட்டுவது அவர்தான். 'சேட்டா, அம்மைக்கு முட்டுவேதனை' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், படகை இறுக்கிப் பிடித்துக் கைகொடுத்து ஏற்றுவார். ஒருபோதும் அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

வாய்க்கால் முடிந்து வேம்பநாட்டுக் காயல் திறக்கும். நீளத்தில் இந்தியாவிலேயே பெரிய ஏரி, சுமார் 96 கிலோமீட்டர். பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில், மூவாற்றுப்புழை எல்லாம் இதில்தான் வந்து விழுகின்றன. அச்சன்கோவில் என்றதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், நம் செங்கோட்டை மலைக்கு அந்தப் பக்கம் பெய்கிற மழைதான் அது. 'காயல்' என்ற சொல் நமக்கும் புதிதல்ல, காயல்பட்டினத்தில் இருக்கிறது. 'கழி' என்று நம் பழைய பாட்டுகள் சொல்வதும் இந்த மாதிரித் தண்ணீரைத்தான்.

காயலின் கரையில் வலதும் இடதுமாகப் பார்த்தால், வயல் உங்கள் கண்ணுக்குக் கீழே இருக்கும். படகு மேலே போகும், நாற்று கீழே நிற்கும். கடல்மட்டத்துக்கு 2 மீட்டருக்கும் கீழே உள்ள வயல்கள் குட்டநாட்டில் உண்டு. காயலுக்குள் மண்கரை எழுப்பி, உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்து வெளியேற்றி உண்டாக்கிய நிலம் அது. கரையைச் 'சிற' என்பார்கள், நம் 'கற்சிறை'யில் வரும் அதே சிறை. சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்ற மூன்று பெரிய காயல் நிலங்களை 1940களில் தொடங்கி உண்டாக்கியவர் முரிக்கன் என்று பெயர்பெற்ற ஜோசப். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் பெயர்களை நிலத்துக்கு வைத்தார். கரை கட்டிய முறையை வயசானவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: தென்னங்குற்றியை இரண்டு வரிசையாக அடித்து இறக்கி, நடுவே மணலும் குப்பையும் போட்டு, ஆட்கள் தண்ணீருக்குள் முங்கி அடிமண்ணைக் கட்டியாக வெட்டி எடுத்து வந்து அடுக்குவார்களாம். மூச்சைப் பிடித்து முங்கியவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதிக்காரர்கள். முதலாளியின் பெயர் நிலத்தோடு நிலைத்திருக்கிறது, முங்கியவர்களின் பெயர் ஒன்றுகூட எந்தக் கரையிலும் இல்லை.

இறைக்கும் இயந்திரத்துக்குப் 'பெட்டியும் பறையும்' என்று பெயர். மரப்பெட்டி, மரக்குழல், ஒரு மோட்டார். வயலிலிருந்து தண்ணீரை உறிஞ்சி கரைக்கு மேலே காயலில் கொட்டும். ஐப்பசி கார்த்திகையில் போனால் அந்தச் சத்தம் கேட்காத இடம் இல்லை. ஒரு நாள் நிறுத்தினாலும் வயல் மறுபடி காயலாகத் தொடங்கிவிடும். இந்த விவசாய முறையை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் உலக அளவில் காப்பாற்ற வேண்டிய மரபாக அறிவித்தது.

தண்ணீர்முக்கம் தடுப்பணையைப் பற்றியும் தெரிந்துகொண்டு போங்கள், காயலில் நடக்கும் பாதிச் சண்டை அதைப் பற்றியதுதான். கோடையில் கடல் உப்பு ஏறி நெல்லை அழிக்காமல் இருக்க 1970களில் கட்டினார்கள். மார்கழி வாக்கில் மடையை இறக்கி, அறுவடை முடிந்தபின் தூக்குவார்கள். நெல்காரருக்கு அது உயிர். மீன்காரருக்கும் கக்கா (காயல் சிப்பி) வாருகிறவருக்கும் அது இழப்பு, ஏனென்றால் உப்பு வந்து போனால்தான் இறாலும் கக்காவும் பெருகும், ஆகாயத்தாமரை சாகும். இரண்டு பேரும் சொல்வது நியாயம். என் மனசு கொஞ்சம் மீன்காரர் பக்கம் சாயும், காரணம் உப்பு ஏறாத மாதங்களில் அந்தத் தெற்குப் பக்கத்துத் தண்ணீர் எப்படிப் பச்சை பிடித்து நாறுகிறது என்று பார்த்திருக்கிறேன். சுற்றிலும் தண்ணீர் நிற்கும் இந்த ஊரில் குடிதண்ணீர் படகில் வந்துதான் பல வீடுகளுக்குக் கிடைக்கிறது. நீங்கள் குடிக்கிற தண்ணீரைப் புட்டியில் கொண்டுபோங்கள், காலிப் புட்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

ஞாயிறு ராத்திரி ஆலப்புழையில் கரையில் ஒரு நல்ல அறை எடுங்கள். திங்கள் காலை ஏழு மணிக்கு ஷிக்காரா என்கிற சிறு மோட்டார் படகை மூன்று நாலு மணி நேரத்துக்குப் பேசுங்கள். படகுவீட்டின் காசில் சின்னப் பங்குதான் ஆகும், அது நுழைய முடியாத வாய்க்காலில் எல்லாம் இது போகும். அம்மாவால் உட்கார்ந்து ஏற முடிந்தால், கழுக்கோல் ஊன்றித் தள்ளும் சின்ன வள்ளத்தில் அரை மணி நேரமாவது போங்கள். எஞ்சின் இல்லாதபோதுதான் மீன்கொத்தி தண்ணீரில் விழும் சத்தம் கேட்கும். ஆகஸ்ட் என்றால் புன்னமடையில் நேரு கோப்பைப் படகுப் போட்டி உண்டு. 1952இல் நேரு வந்து பார்த்து மனம் நிறைந்துபோனதில் தொடங்கியது. ஆனால் முழங்கால் வலியோடு அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாது. உங்களுக்குச் சரியான காலம் நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை.

ஆலப்புழை ஊருக்குள் அதிகம் நிற்க வேண்டாம். 1762இல் துறைமுகமாகத் திறந்த ஊர், திவான் ராஜா கேசவதாசன் வாய்க்கால் வெட்டிக் கடலையும் காயலையும் சேர்த்து வியாபாரத்தைப் பெருக்கினார். கடற்கரையில் பழைய கப்பல் பாலத்தின் தூண்கள் நிற்கின்றன. சாயங்காலம் ஒரு நடை போதும்.

ஆலப்புழையிலிருந்து கொச்சிக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஆனால் திங்கள் மதியம் சேர்த்தலை வழியாகத் தவணைக்கடவுக்கு ஒரு கார் பேசிப் போய், அங்கிருந்து வைக்கத்துக்குப் படகில் கடக்கச் சொல்வேன். காயலைக் குறுக்காகக் கடக்கும் இந்தத் துறையில்தான் 2017 ஜனவரியில் இந்தியாவின் முதல் சூரிய மின் பயணிப் படகு ஓடத் தொடங்கியது, பெயர் 'ஆதித்யா'. 75 பேர் உட்காரலாம். புகையும் இல்லை, அதிர்வும் இல்லை. ஆலப்புழைப் படகுவீடுகள் எல்லாம் இப்படி மாறினால் என்ன என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். இறங்கும் வைக்கம், 1924இல் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்த ஊர். ஈரோட்டிலிருந்து வந்து அதில் சிறை சென்ற பெரியாருக்குத் தமிழ்நாடு அரசின் நினைவகம் இருக்கிறது, 2024 டிசம்பரில் புதுப்பித்துத் திறந்தார்கள். அப்பாவுக்கு அங்கே அரை மணி நேரம் கொடுங்கள். பிறகு எர்ணாகுளம், அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு மறுபடி படகு. உயர்நீதிமன்றத் துறையிலிருந்து வாட்டர் மெட்ரோ போகிறது. மிதவைத் துறை படகின் தளத்தோடு சமமாக நிற்பதால் அம்மா படி ஏறவே வேண்டாம்.

அந்தப் படகில் போகும்போது இடப்பக்கம் தெரிகிற வெல்லிங்டன் தீவு, ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் துறைமுகத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கியது. அதற்கு முன் பெரிய கப்பல் வெளிக்கடலில் நிற்கும், சரக்கு சிறு படகில் போகும். கொச்சி துறைமுகமே 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் வடக்கே முசிறியின் முகத்தை மூடி, இங்கே புது வாயைத் திறந்ததால் உண்டானது என்பதுதான் இந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லும் வரலாறு.

செவ்வாய் முழுக்க மட்டாஞ்சேரிக்கு. இங்கேதான் எனக்குப் பேச்சு நிற்காது. பஜார் ரோட்டில் காலை பத்து மணிக்கு நடங்கள். ஒரு பக்கம் தெரு, மறுபக்கம் காயல், நடுவில் பாண்டிகசாலைகள். நம் 'பண்டகசாலை'தான் வாயில் உருண்டு அப்படி ஆயிற்று. பழைய கிட்டங்கி எதிலாவது வாசலில் நின்று அனுமதி கேட்டு உள்ளே எட்டிப் பாருங்கள். முன்பக்கம் கணக்குமேசை, நடுவில் முற்றம், பின்வாசல் நேரே தண்ணீரில் இறங்கும் படி. வள்ளம் அங்கே வந்து நிற்கும், மூட்டை தலையில் ஏறி உள்ளே வரும்.

அந்தத் தலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் 'சாப்பா' என்று ஒரு முறை இருந்தது. காலையில் வேலைக்குக் காத்திருக்கும் கூட்டத்துக்கு நடுவே உலோக வில்லைகளை வீசுவார்கள். அடிபட்டு மிதிபட்டு யார் பிடிக்கிறாரோ அவருக்குத்தான் அன்றைய கூலி. இதை எதிர்த்து 1953 செப்டம்பரில் தொழிலாளர்கள் போராடியபோது போலீஸ் சுட்டது, மூன்று பேர் செத்தார்கள். மட்டாஞ்சேரியில் வாசனைத் திரவியக் கடையைக் காட்டும் வழிகாட்டிகள் பலர் இதைச் சொல்வதே இல்லை.

மிளகைத் தரம் பார்ப்பது எப்படி என்று காட்டுகிறேன், வாங்கும்போது உதவும். தோட்டத்திலிருந்து வரும் மிளகில் தூசு, காம்பு, பொக்கு எல்லாம் இருக்கும். அதைச் சலித்துப் புடைத்துச் சுத்தம் செய்ததற்கு வியாபாரத்தில் 'கார்பிள்டு' என்று பெயர். சல்லடையில் சலிப்பதைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து ஐரோப்பியர் வாய்க்குப் போய், திரும்ப இங்கேயே வந்து சேர்ந்த சொல் அது. எங்கள் கிட்டங்கியில் முறம் பிடித்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வீச்சில் பொக்கு முன்னால் பறக்கும், மணி பின்னால் தங்கும். தும்மல் முதல் வாரத்தோடு நின்றுவிடும், கண் எரிச்சல் மட்டும் போகவே போகாது. பிறகு ஒரு லிட்டர் பாத்திரத்தை நிரப்பி எடை போடுவோம். 550 கிராம் நின்றால் நல்ல ஏற்றுமதிச் சரக்கு. குறைந்தால் உள்ளே வெறும் கூடு, முற்றாமல் பறித்தது. தலைச்சேரி என்ற பெயரில் விற்கும் பருமணி தனி ரகக் கொடி அல்ல, முற்றவிட்டுப் பறித்து அளவில் பிரித்த பெரிய மணிதான்.

உங்களுக்குப் பாத்திரமும் தராசும் வேண்டாம். பத்து மணியை ஒரு தம்ளர் தண்ணீரில் போடுங்கள். நல்லது மூழ்கும், பொக்கும் பப்பாளி விதையும் மிதக்கும். மிளகு பளபளவென்று மின்னினால் வாங்காதீர்கள், எண்ணெய் தடவியிருப்பார்கள். நல்ல மிளகு சுருங்கி மங்கலாகத்தான் இருக்கும். யூதத் தெருவில் கண்ணாடிப் புட்டியில் அலங்காரமாக வைத்திருப்பதை விட்டு, பஜார் ரோட்டில் சாக்கு வாய் திறந்திருக்கும் மொத்தக் கடையில் கால் கிலோ அரைக் கிலோ கேளுங்கள், பல பேர் தருவார்கள். கிராம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும், தலைமொட்டு உதிராமல் இருக்க வேண்டும். ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் அவசியம் வாங்குங்கள், ஆலுவா, காலடிப் பக்கம் விளைகிறது. ஏலக்காய் மட்டும் இங்கே வேண்டாம். இடுக்கிக் காய் பெரும்பகுதி மலையிறங்கி நம் போடிநாயக்கனூருக்குத்தான் வருகிறது, உங்கள் ஊரிலேயே புதுசாகக் கிடைக்கும்.

யூதத் தெருவின் பக்கத்தில் மிளகுச் சங்கத்தின் கட்டடம் இருக்கிறது. 1957இலிருந்து முன்பேர வியாபாரம், அதாவது பின்னால் தரப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசுவது, அங்கே நடந்தது. அறைக்குள் கத்திக் கத்தி விலை பேசுவார்கள், வெளியே தெருவரை கேட்கும். கம்ப்யூட்டர் வந்து அந்தச் சத்தம் நின்றது.

ஜெபாலயம் 1568இல் கட்டியது. தரையில் சீனாவிலிருந்து வந்த நீல ஓடுகள், கையால் வரைந்தவை. ஆனால் நம்மவர்கள் அறிய வேண்டியது வேறொன்று. கி.பி. 1000 வாக்கில் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு 'அஞ்சுவண்ணம்' என்ற உரிமையையும் வரிவிலக்கையும் கொடுத்த செப்பேடு இந்தச் சமூகத்திடம் வழிவழியாக இருந்தது. அது வட்டெழுத்தில் இருக்கிறது. மதுரைப் பக்கத்துப் பழைய கல்வெட்டுகளில் காணும் அதே எழுத்து. கொடுத்த ஊர் முசிறிப் பக்கம், கொடுங்கல்லூரை ஒட்டியது.

அரண்மனையை டச்சு அரண்மனை என்பார்கள், கட்டிக்கொடுத்தவர்கள் போர்ச்சுக்கீசியர், 16ஆம் நூற்றாண்டில். டச்சுக்காரர் 1663இல் கொச்சியைப் பிடித்தபின் செப்பனிட்டார்கள். உள்ளே ராமாயணச் சுவரோவியங்கள். மரப்படி உண்டு, அம்மா மெல்ல ஏறட்டும், மேலே போனபின் பெரும்பாலும் ஒரே தளம்தான். ஃபோர்ட் கொச்சியில் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த கல் இருக்கிறது. 1524இல் இங்கேதான் செத்தார், பிறகு எலும்பைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். சீனவலைகளைச் சாயங்காலக் கூட்டத்தில் பார்ப்பதைவிடக் காலை ஆறரைக்குப் பாருங்கள், கல்தொங்கும் கயிற்றை நாலைந்து பேர் இழுக்க வலை எழும்புவது அப்போதுதான் வேலையாகத் தெரியும்.

சைவச் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். மட்டாஞ்சேரியில் குஜராத்திகளும் கொங்கணிகளும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். குஜராத்தித் தெருவில் மதியம் தாலி நன்றாக இருக்கும். அப்புறம் வெளியில் உள்ள தோபிகானாவுக்குப் போய்வாருங்கள். (வெளி என்பது ஃபோர்ட் கொச்சியில் ஒரு பகுதியின் பெயர்.) டச்சுக்காரர் காலத்தில் படைக்குத் துணி வெளுக்க அழைத்து வந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் கல்லில் அடித்துத் துவைத்து, கயிற்றுப் புரியில் துணியைச் செருகிக் காயவைக்கிறார்கள், கிளிப்பே கிடையாது. நீங்கள் தமிழில் பேசினால் தமிழில் பதில் வரும், நம் பேச்சுக்குக் கொஞ்சம் பழசாக, மலையாள ராகத்தோடு. என் அம்மா அங்கே ஒரு பாட்டியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, கொச்சியில் வேறு எதையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை வடக்கு பறவூர் வழியாகப் பட்டணம் என்ற சிற்றூர். கொச்சியிலிருந்து 25 கிலோமீட்டர் போல. அங்கே தென்னந்தோப்பும் வீடுகளும்தான் கண்ணுக்குத் தெரியும், பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனால் மண்ணுக்குள் ரோமானிய மதுஜாடித் துண்டுகளும் மணிகளும் மிளகும் கிடைத்தன, பழைய முசிறியைச் சேர்ந்த இடம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அகநானூறு 149ஆம் பாட்டு முசிறியைச் சொல்வது எல்லோரும் மேற்கோள் காட்டுவது. கறி என்றால் மிளகு. எனக்கு அதைவிடப் புறநானூறு 343இல் பரணர் சொல்வது பிடிக்கும்: கப்பல் தந்த பொன்னைக் 'கழித்தோணியால்' கரை சேர்த்தார்களாம். பெரிய கப்பல் வெளியே நிற்க, காயலில் ஓடும் சிறு தோணி பொன்னை ஏற்றி வருகிறது. அதே பாட்டில் வீடுகளில் மிளகு மூட்டைகள் குவிந்து கிடக்கின்றன. நான் மட்டாஞ்சேரியில் பின்வாசல் படியில் நின்று வள்ளக்காரரிடம் பேசியதும் இதேதான்.

2007இல் பட்டணத்தில் தோண்டியபோது செங்கல் துறை ஒன்றும், அதை ஒட்டிப் படகைக் கட்டிப்போடும் தேக்குக் குற்றிகளும், பக்கத்தில் ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரு தோணியும் வெளிப்பட்டன. ஒரே மரத்தைக் குடைந்த தோணி. சோதித்துப் பார்த்ததில் மரம் ஆஞ்ஞிலி. ஆலப்புழையில் நீங்கள் குனிந்து தொட்டுப் பார்த்த தையல் ஓடுகிற பலகையும் அதே மரம்தான்.

பட்டணத்திலிருந்து கோட்டப்புறம் துறைக்குப் போய்ப் பெரியாற்றைப் பாருங்கள், கொல்லத்திலிருந்து தொடங்கும் தேசிய நீர்வழி முதலில் முடிந்தது இங்கேதான். அம்மாவுக்கு விருப்பம் என்றால் கொடுங்கல்லூர் பகவதி கோயில் பக்கம்தான், கண்ணகி என்று நம்புகிறவர்கள் நிறைய. சாயங்காலம் ஆலுவா வந்துவிடுங்கள், திரும்பும் பாலருவி அங்கே நிற்கும், விடியும் முன்பே தென்காசி. வாங்கிய மிளகை வீட்டுக்குப் போனதும் ஒரு நாள் வெயிலில் உலர்த்தி, ஆறவிட்டு, கண்ணாடிப் புட்டியில் முழுசாகவே வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வேர்த்துப் பூசணம் பிடித்துவிடும். ரசத்துக்குத் தட்டும்போது மட்டும் தட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.